ஓ.டி. புத்தகம்

கல்லூரி பி.டி.யிடம் இருக்கும் அதிகாரம் இரண்டே இரண்டு. ஒன்று விசில். இன்னொன்று ஓ.டி. கடிதம். இன்ன மாணவன் இன்ன தேதிகளில் கல்லூரிக்காக ஆடப் போயிருந்தான், அந்த நாட்களை வருகையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப் குத்திக் கொடுப்பேன். அதன் கார்பன் நகல் ஒரு நீளப் புத்தகத்தில் தங்கிவிடும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹெப்பகோடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இந்த வேலையில் இருக்கிறேன். ஆடுகிற பையன்களின் ஒழுக்கத்தைப் பற்றி யார் கேட்டாலும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். எங்கள் கபடி அணியில் நடந்த பெரிய ஒழுங்கீனத்தின் முதல் அடியை எடுத்து வைத்தவன் நான்.

பையன்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆடிய இடத்தை வைத்துச் சொல்கிறேன்: ரைடர், இடது கார்னர், கவர். அவர்களில் பலருக்கு இப்போது மனைவி, குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஹெப்பகோடி ஆனேக்கல் தாலுகாவில், ஓசூர் சாலை ஓரம் இருக்கிறது. ஒரு பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டி, இன்னொரு பக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சில்க் போர்டிலிருந்து வரும் மேம்பாலச் சாலை கிடையாது. அது 2010இல்தான் திறந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடமும் வந்துவிட்டது. நான் வந்த காலத்தில் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ராகி வயல் இருந்தது. அந்த வயலை விற்ற வீட்டுப் பையனும், அந்த வயலில் எழுந்த கம்பெனிக்குக் கூலி வேலைக்கு வந்த வீட்டுப் பையனும் என் அணியில் தோளோடு தோள் கோத்துச் சங்கிலி போட்டு ஆடினார்கள். இரண்டாவது வகைப் பையன்கள் பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பங்கள். அப்பா கான்ட்ராக்ட் லேபர், அம்மா கார்மெண்ட்ஸ். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பரீட்சையில் ஆங்கிலம். எனக்குப் பூர்வீகம் ஓசூருக்குத் தெற்கே என்பதால் அவர்கள் என்னிடம் தமிழில்தான் பேசுவார்கள், அதுவும் மூச்சுக்கு மூச்சு 'சார்' போட்டு.

2014இல் ப்ரோ கபடி தொடங்கியது. அதற்கு முன்னும் இந்தப் பக்கத்தில் கபடி உண்டு. ஊர்த் திருவிழாவுக்கு ஊர் ஒரு அணி இருந்தது. டி.வி.யில் வந்த பிறகு பணம் வந்தது. 'ஹொனலு பெளகு' கபடி என்று கன்னடத்தில் பேனர் கட்டுவார்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், மேட் விரித்து, விடிய விடிய ஆட்டம். நல்ல ரைடர் ஒருவன் ஒரு ராத்திரிக்கு இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எந்த ஊர் பனியனையும் போட்டுக்கொள்வான். அவன் அம்மா ஒரு வாரம் தையல் மிஷினில் குனிந்து சம்பாதிப்பதற்குக் கிட்டத்தட்ட அது சமம். இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பையன்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கட்சி.

என் ரைடர் அப்படி ஆடியவன். மெலிந்த உடம்பு. போனஸ் லைனில் கால் வைத்து எடுக்கும் வேகத்தை எதிரணி பார்ப்பதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பியிருப்பான். ஒருநாள் காலை எட்டரை மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"சார், நைட்டு மாலூர்ல ஆட்டம். இப்பதான் வந்தேன். இன்னிக்கு மட்டும் ஒரு ஓ.டி. போடுங்க சார்."

போட்டேன். அடுத்த மாதம் தென்மண்டலப் போட்டிக்கான தேர்வு இருந்தது. அவன் தேறினால் பல்கலைக்கழக அணியில் எங்கள் கல்லூரிப் பெயர் வரும். அந்த நினைப்பில்தான் போட்டேன். பிறகு ஒவ்வொரு வாரமும் போட்டேன். இடது கார்னருக்கும் போட்டேன், அவன் கேட்காத நாளில் கூட.

அந்த செமஸ்டரின் கணக்கை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். வேலை நாள் 90. ரைடர் வகுப்பில் உட்கார்ந்தது 41 நாள். என் கையெழுத்தில் 31 நாள். சேர்த்து 72, எண்பது சதவீதம். விதி கேட்பது எழுபத்தைந்து. ஆபீஸ் கணக்கில் அவன் நல்ல மாணவன். ஆனால் கல்லூரிக்காக அவன் உண்மையில் ஆடப் போன நாட்கள் 12தான். மீதி 19 நாட்களில் அவன் எங்கே இருந்தான் என்று நான் கேட்கவில்லை.

அதை எனக்குக் கேட்டுச் சொன்னவர் ஒரு எஸ்.ஐ.

ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்தது. போனேன். மேசை மேல் ஒரு தாளை வைத்து, "இது நிம்ம சைனேனா, சார்?" என்று கேட்டார். என் ஓ.டி. கடிதம். குறிப்பிட்ட தேதியில் ரைடர் மைசூரில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடிக்கொண்டிருந்தான் என்று அதில் இருந்தது. அதே தேதியில் ஒரு மனை இடத்தில் காம்பவுண்டு சுவரை இடிக்க ஆறு பையன்களை யாரோ கூட்டிப் போயிருந்தார்கள். தடுக்க வந்த வாட்ச்மேனின் கை முறிந்துவிட்டது. ராத்திரி ஆட்டத்துக்குப் பரிசுப் பணம் கொடுக்கும் ஆட்களில் சிலர் பகலில் இந்த மாதிரி வேலைக்கும் அதே பையன்களைக் கூப்பிடுவார்கள். கட்டுமஸ்தான உடம்பு, கூட்டமாக வருவார்கள், பிரியாணி வாங்கிக் கொடுத்தால் போதும். ரைடரின் மாமா அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து, எங்க பையன் அன்னைக்கு ஊர்லயே இல்லை என்று நிரூபிக்கக் கொடுத்திருந்தார்.

பையன் சுவர் ஓரமாக நின்றிருந்தான். கல்லூரி டிராக் பேன்ட் போட்டிருந்தான். என்னைப் பார்த்தான். நான் 'ஆமாம், மேட்ச் இருந்தது' என்று சொல்லியிருந்தால் அவன் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பான், தேர்வுக்கும் வந்திருப்பான். எனக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

"சைன் நந்தே. மேட்ச் இரலில்ல" என்றேன். கையெழுத்து என்னுடையதுதான், மேட்ச் இருக்கவில்லை என்று.

அதைச் சொன்னதற்காக நான் பெருமைப்படவில்லை. பொய்யை எழுதியவனும் நான்தான். அந்தப் பையன் அன்று இரவு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு அவன் செய்தது பாதிக் காரணம் என்றால், நான் 19 முறை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது மீதிக் காரணம். பேப்பரில் ஒன்று இருந்தால் போதும், உண்மை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பதை அவன் என்னிடம்தான் கற்றான்.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போய் அந்த வாட்ச்மேனைப் பார்த்தேன். வட கர்நாடகத்திலிருந்து பிழைக்க வந்தவர், அறுபது வயது இருக்கும். கையில் மாவுக்கட்டு. நான் யார் என்று சொன்னதும், "நிம்ம ஹுடுகனா?" என்று மட்டும் கேட்டார். உங்க பையனா என்று. ஆமாம் என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. எனக்கு மெமோ வந்தது, ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றது. இரண்டும் நியாயமானவை. ரைடரைக் கல்லூரி ஒரு வருடம் சஸ்பெண்ட் செய்தது.

அந்தச் சமயத்தில் நான் பழைய ஆசிரியர்களின் வழிக்குப் போனேன்: அறையைப் பூட்டு, ஆட்டத்தை நிறுத்து. 'கோச் கார்ட்டர்' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள், 2005இல் வந்தது. அது உண்மையில் நடந்தது. 1999 ஜனவரியில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் உயர்நிலைப் பள்ளியில், ஒரு ஆட்டத்தில் கூடத் தோற்காமல் இருந்த கூடைப்பந்து அணியை, படிப்பில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று பயிற்சியாளர் கென் கார்ட்டர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வெளியே நிறுத்திப் பூட்டுப் போட்டார். நானும் பூட்டினேன். மூன்று வாரம் கபடி மேட்டைச் சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்துச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். பேக்லாக் இருக்கிறவர்கள் ஒரு பாடமாவது முடிக்கும்வரை பயிற்சி இல்லை என்றேன். தமிழ்நாட்டில் அரியர் என்பதை இங்கே பேக்லாக் என்பார்கள்.

என்ன நடந்தது? ஒருவன் கூட லைப்ரரிக்குப் போகவில்லை. என்னிடம் வராத அந்த மூன்று வாரமும் ராத்திரி ஆட்டத்துக்குப் போனார்கள். கவர் முழங்காலில் அடிபட்டு வந்தான். ரிச்மண்டில் அந்தக் கதவுக்கு வெளியே அந்தப் பையன்களுக்கு வேறு கூடைப்பந்து இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. ஹெப்பகோடியில் என் கதவுக்கு வெளியே கபடி இருந்தது, பணமும் இருந்தது, பையன்களைப் பிரியாணிக்கு வாங்க வரும் காரும் இருந்தது. ஆட்டத்தைப் பிடுங்கினால் பையன் படிப்பிடம் போவான் என்று நினைப்பது நம் ஆசை. அவன் அடுத்து யார் கூப்பிடுகிறார்களோ அவர்களிடம் போவான்.

மேட்டை மறுபடி விரித்தேன். அன்றிலிருந்து ஒரே ஒரு விதி: தண்டனை பெற்றவனுக்கு ஜெர்ஸி கிடையாது, ஆனால் பயிற்சி உண்டு. காலை ஐந்தரைக்கு வர வேண்டும். மற்றவர்களோடு வார்ம் அப், மற்றவர்களோடு டிரில், மற்றவர்களோடு முட்டையும் வாழைப்பழமும். மேட்ச் அன்று பெஞ்சில், சாதாரணச் சட்டையில். கபடியில் மஞ்சள் அட்டை வாங்கியவன் இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டு உள்ளே வருகிறான். அவனை யாரும் ஸ்டேடியத்தை விட்டு விரட்டுவதில்லை. கண் முன்னால் ஆட்டம் நடக்க, தான் ஆட முடியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு வலிக்கும் என்பது ஆடியவனுக்குத்தான் தெரியும். வலியும் இருக்க வேண்டும், பையனும் கையை விட்டுப் போகக் கூடாது.

இன்னொன்றையும் அப்போதே நிறுத்தினேன். தாமதமாக வந்தால் பத்து ரவுண்டு, பதில் பேசினால் இருபது ரவுண்டு என்று ஓட விடுவது நம் பி.டி. வகுப்புகளில் வழிவழியாக வரும் பழக்கம். என் ஆசிரியர் என்னை ஓட விட்டார், நானும் பல வருடம் ஓட விட்டேன். ஓட்டம் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் சரக்கு. கணக்கு வாத்தியார் தண்டனையாகக் கணக்குப் போடச் சொன்னால் அந்தப் பையனுக்குக் கணக்கு எப்படிப் பிடிக்கும்? ஓட்டத்தை வசவாக மாற்றிவிட்டு, பிறகு 'ஸ்டாமினா இல்லை' என்று குறைபடுவதில் அர்த்தமில்லை.

2019 தொடக்கத்தில் வந்தது இதைவிடக் கடினமான சோதனை. ஹாஸ்டலில் முதலாண்டுப் பையன் ஒருவன், வாணியம்பாடிப் பக்கம். இடது கார்னரும் இன்னும் இரண்டு பேரும் மூன்று வாரமாக அவனைத் தங்கள் பனியன்களைத் துவைக்க வைத்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி கட்டில் மேல் நிற்க வைத்து, மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. பையன் மயங்கி விழுந்து, கட்டில் கம்பியில் புருவம் கிழிந்தது. நான் சோறு தின்னும் ஆட்டத்தின் பாட்டை வைத்து ஒரு பிள்ளையை வதைத்திருக்கிறார்கள். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அரையிறுதிக்கு இரண்டு நாள் இருந்தது. நிர்வாகத்தில் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "டோர்னமென்ட் முடியட்டும், அப்புறம் கமிட்டி போட்டுக்கலாம். தையல் போட்டாச்சு இல்ல?" என்றார். கெட்டவர் அல்ல. விளையாட்டுக்கு என்று கேட்டால் பணம் ஒதுக்கித் தரும் ஒரே மனிதர் அவர்தான்.

தமிழ்நாட்டில் பொன் நாவரசு என்ற மருத்துவ மாணவன் 1996இல் சிதம்பரத்தில் ராகிங்கில் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது நான் இளைஞன். 1997இல் அங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் இமாசலத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவன் ராகிங்கில் இறந்தான்; அதே ஆண்டு யு.ஜி.சி. நாடு முழுக்கப் பொருந்தும் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதன் தண்டனைப் பட்டியலை எல்லாக் கல்லூரியும் நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்திருக்கிறது. படிப்பவர்கள் குறைவு. வகுப்பிலிருந்து நீக்கம், ஹாஸ்டலிலிருந்து நீக்கம், உதவித்தொகை நிறுத்தம் என்று போகும் அந்தப் பட்டியலின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: கல்லூரியின் சார்பில் எந்த வட்டார, தேசிய, சர்வதேசப் போட்டியிலும் பங்கேற்கத் தடை. அதை எழுதியவர்கள் என்னைப் போன்ற பி.டி.க்களை மனதில் வைத்தே எழுதியிருக்க வேண்டும். நோட்டீஸ் போர்டிலிருந்து அந்தத் தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன்.

பையன்களிடமும் பேச வேண்டியிருந்தது. அப்போது எல்லார் வாயிலும் கே.எல். ராகுல், ஹர்திக் பாண்டியா பேச்சுதான். டி.வி. நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக, ஆஸ்திரேலியத் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே இருவரையும் கிரிக்கெட் வாரியம் சஸ்பெண்ட் செய்து ஊருக்கு அனுப்பியது. ராகுல் பெங்களூரில் கல்லூரி படித்தவர் என்பதால் என் பையன்களுக்கு அது பக்கத்துத் தெருச் சங்கதி. "அவங்களே தொடர் நடுவுல திரும்பி வந்தாங்க. நீ ஒரு அரையிறுதிக்காக நிக்கணுமா?" என்று கேட்டேன். இடது கார்னர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த விவகாரத்தில் எனக்குப் பிடித்த பகுதி பிறகு நடந்தது. இரண்டே வாரத்தில் தடையை நீக்கிவிட்டு, ஏப்ரலில் விசாரணையை முடித்து, ஆளுக்கு 20 லட்சம் அபராதம் போட்டார்கள். பணம் வாரியத்துக்குப் போகவில்லை. பணியில் உயிரிழந்த துணை ராணுவக் காவலர்கள் பத்துப் பேரின் மனைவியருக்குத் தலா ஒரு லட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்குப் பத்து லட்சம் என்று போயிற்று. உடனே வந்த தண்டனை, சீக்கிரம் முடிந்த தண்டனை, யாருக்கோ உதவிய தண்டனை. எங்கள் கமிட்டிகளில் இந்த மூன்றுமே இருப்பதில்லை. ஆறு மாதம் இழுப்போம், கடைசியில் மன்னிப்புக் கடிதம் வாங்கி ஃபைலில் வைப்போம்.

ஒன்பது பேரோடு அரையிறுதிக்குப் போனோம். 31க்கு 24 என்று தோற்றோம். மூவருக்கும் ஒரு வருடம் ஜெர்ஸி இல்லை, ஹாஸ்டலும் இல்லை. இடது கார்னரின் அப்பா வந்து, "வேற என்ன வேணும்னாலும் பண்ணுங்க சார், ஆட்டத்த மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். ஆட்டத்தை நிறுத்தவில்லை, தினம் காலையில் அனுப்புங்கள் என்றேன். அவருக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. வாணியம்பாடிப் பையன் படிப்பைத் தொடர்ந்து எல்லாப் பாடமும் தேறிப் போனான். ஆனால் மூன்று வருடத்தில் ஒருநாளும் மைதானத்துப் பக்கம் வரவில்லை. அவன் முதல் வாரத்தில் என்னிடம் கபடி அணியில் சேர வேண்டும் என்று பெயர் கொடுத்தவன்.

பெண்கள் அணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். த்ரோபால், கோகோ ஆடும் பெண்களிடம் ஒழுக்கம் என்ற சொல்லுக்கு எங்கள் கல்லூரிகளில் வேறு பொருள். பையன் கை முறித்தால் 'வயசு' என்பார்கள். பெண் மேட்ச் முடிந்து ஏழு மணிக்கு ஹாஸ்டல் கேட்டுக்கு வந்தால் அவள் வீட்டுக்குப் போன் போகும். பஸ் தாமதம் என்று நான் மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் அனுபவத்தில், தாமதத்துக்காக வீட்டுக்குப் போன அந்தப் போன்தான் பல நல்ல ஆட்டக்காரிகளை மைதானத்திலிருந்து நிரந்தரமாக நீக்கியது.

இனி படிப்பு. இதில்தான் நான் அதிகக் காலம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

பையன்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு நூறு மதிப்பெண்: விளையாட்டுச் சாதனைக்கு 50, டிரையலில் ஆட்டத்திறனுக்கும் உடற்தகுதிக்கும் 40, படிப்புக்கு 10. "பத்து மார்க்குக்கு எதுக்கு சார் இவ்ளோ கஷ்டப்படணும்?" என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் கேட்பது வேறு. பட்டம் இருந்தால் ஒரு படி, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றால் கீழ்ப்படி, பத்தாம் வகுப்பு என்றால் அதற்கும் கீழே. இரண்டு பேர் ஒரே பதக்கத்தோடு போய், ஒருவன் கிளார்க் நாற்காலியிலும் இன்னொருவன் அதற்கு நாலு படி கீழும் முப்பது வருடம் இருப்பார்கள். நான் நிரப்பிய பல்கலைக்கழகப் போட்டிப் படிவங்களில் பிறந்த தேதி கேட்பார்கள், சேர்ந்த ஆண்டு கேட்பார்கள். எத்தனை பாடம் பாக்கி என்ற கட்டம் இருந்ததில்லை. அமெரிக்காவில் 2003-04லிருந்து முதல் பிரிவில் ஆடும் ஒவ்வொரு கல்லூரி அணியின் படிப்பையும் மதிப்பிட்டு எண் போடுகிறார்கள். அது குறைந்ததால் 2011இல் தேசியக் கோப்பை வென்ற கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை 2013 போட்டியில் ஆடவே விடவில்லை. 2014இல் அவர்களே மறுபடி வென்றார்கள். அங்கே ஒரு பையன் தோற்றால் கேள்வி பயிற்சியாளரிடம் போகிறது. இங்கே என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதனால் நானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

திங்கள் சாயங்காலம் நாலு மணிக்கு ஒவ்வொருவனும் ஒரு அட்டை கொண்டுவர வேண்டும். அதில் அந்தந்தப் பாட ஆசிரியரின் கையெழுத்து. ஹெச்.ஓ.டி. கையெழுத்து செல்லாது. ஒரு இன்டர்னல் டெஸ்ட் எழுதவில்லை என்றால் அடுத்த மேட்சுக்கு ஜெர்ஸி இல்லை. தோற்றால் பரவாயில்லை, எழுதாமல் இருக்கக் கூடாது. முதல் மாதத்தில் ஏழு பேர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், கேப்டன் உட்பட.

அந்த அட்டைகள்தான் என் கண்ணைத் திறந்தன. எல்லோரும் விழுவது அதே இரண்டு மூன்று பாடங்களில். பிஸினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ், காஸ்டிங். சோம்பேறிகள் எல்லாப் பாடத்திலும் விழுவார்கள். இவர்கள் அப்படி இல்லை. விசாரித்தால் பெரும்பாலோர் கன்னட மீடியம், தமிழ் மீடியம். 'டீவியேஷன்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். அது ஒழுங்கீனம் அல்ல. நான் பத்து வருடமாக அதை ஒழுங்கீனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

காமர்ஸ் துறையில் ஒரு நண்பரிடம் கேட்டேன். பயிற்சி முடிந்து ஏழரையிலிருந்து எட்டே முக்கால் வரை ஒரு வகுப்பறையில் உட்கார்த்தினோம். ராத்திரி படி என்று இவர்களிடம் சொல்வதில் பயனில்லை, பாதிப் பேர் ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள். முதல் நாள் அவர் போர்டில் இரண்டு வரிசை எழுதினார். ஒரு ரைடர் ஐந்து ஆட்டத்தில் எடுத்த புள்ளிகள்: 8, 8, 9, 7, 8. இன்னொருவன்: 2, 16, 1, 15, 6. சராசரி போடச் சொன்னார். இருவருக்கும் 8.

"ஃபைனலுக்கு யாரைப்பா எடுப்பீங்க?"

அறை முழுக்க ஒரே குரலில், "முதல் ஆளு சார்!"

"ஏன்? ரெண்டும் எட்டுதானே?"

கவர் எழுந்து, "ரெண்டாவது ஆள நம்ப முடியாது சார், ஒரு நாள் அடிப்பான், ஒரு நாள் படுத்துடுவான்" என்றான். அந்தப் படுத்துவிடுவதை அளக்கத்தான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்றார் நண்பர். கவர் அந்த செமஸ்டரில் ஸ்டாடிஸ்டிக்ஸில் 52 வாங்கினான். அதற்கு முன் மூன்று முறை எழுதித் தோற்றவன்.

அதே அறையில் நான் ஒரே ஒரு கதை சொல்வேன், ஒவ்வொரு புது அணிக்கும். எரப்பள்ளி பிரசன்னா, நம் கர்நாடகத்து ஆஃப் ஸ்பின்னர். 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வந்தார். பிறகு இன்ஜினியரிங் படிப்பை முடிக்கப் போய்விட்டார். அடுத்த டெஸ்டுக்கு ஏறக்குறைய ஐந்து வருடம் ஆயிற்று. திரும்பி வந்து ஆடினார், மொத்தம் 49 டெஸ்டில் 189 விக்கெட் எடுத்தார். ஆட்டம் காத்திருக்குமா என்று பையன்கள் கேட்பார்கள். திறமை இருந்தால் காத்திருக்கும், பிரசன்னாவுக்கு ஐந்து வருடம் காத்திருந்தது என்பேன்.

என் ரைடருக்குக் காத்திருக்கவில்லை. சஸ்பென்ஷன் முடிந்து வந்தான், ஜெர்ஸி இல்லாமல் ஒரு செமஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தான், பேக்லாக்குகளை இரண்டு வருடத்தில் முடித்தான். தென்மண்டலப் போட்டிக்கு ஒருபோதும் போகவில்லை. இப்போது பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறான். போன வருடம் மைதானத்துக்கு வந்தான். தம்பிக்கு எங்கள் கல்லூரியில் இடம் கேட்டு வந்திருந்தான். தம்பியும் ரைடர்தான்.

"சார், இவன் ஓ.டி. கேட்டா குடுக்காதீங்க" என்றான். "ஆடினா மட்டும் குடுங்க."

தம்பி இப்போது இரண்டாவது செமஸ்டர். இந்தப் பருவத்தில் எங்கள் கபடி அணி கல்லூரிக்காக வெளியே போய் ஆடிய நாட்கள் 11. ஓ.டி. புத்தகத்தில் இருக்கும் நாட்களும் 11.